ராகினியின் இடது முட்டி

இந்த வருஷம் நான் எடுத்த உறுதிமொழி ஒன்றே ஒன்றுதான். என் இடது முட்டி வலிக்கிற சங்கதி, உயிரே போனாலும் ராகினிக்குத் தெரியக் கூடாது.

ராகினி என் மனைவி. தெரிந்த மறுநிமிடம் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கோ ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே தலை சுற்றும். சுங்கை ஊடாங்கில் என்னோடு ஸ்டோரில் வேலை செய்யும் ராமையா, சும்மா இருமலுக்கு மருந்து வாங்கத்தான் போனான். குடலிறக்கம் என்று படுக்கவைத்து, வயிற்றில் தையல் போட்டு அனுப்பினார்கள். இருமலுக்கே வயிறு என்றால் முட்டிக்கு எதையெல்லாம் அறுப்பார்கள்?

ஆகவே நடித்தேன். நொண்டினால், செருப்பில் கல் என்றேன். மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். கேட்டால் புது எக்சர்சைஸ் என்றேன். கார் கிளச்சை மிதிக்கும்போது வாயில் வரும் அலறலை, முன்னால் போகும் லோரிக்காரனைத் திட்டுவதுபோல் மாற்றிவிடுவேன். மஸ்ஜித் தானா ரோட்டில் என்னிடம் திட்டு வாங்காத லோரியே கிடையாது.

இப்படி வெற்றிகரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலை அடுப்படியிலிருந்து ராகினி நொண்டிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, முட்டி உயிர் போவுது."

"எந்த முட்டி?"

"இடது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எனக்கில்லையே, பயமென்ன? டாக்டர் வாணி, சின்னப் பெண். ராகினி என்னைப் பிடித்து நோயாளி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"டாக்டர், எனக்கு பயமா இருக்கு. மொதல்ல இவரு முட்டிய அமுக்கிக் காட்டுங்க. எப்படி அமுக்குவீங்கன்னு பாத்துக்கிறேன்."

டாக்டர் அமுக்கினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே ஏதோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"வலிக்குதா அங்கிள்?"

"சேச்சே! கூச்சம்மா."

"கொஞ்சம் மடக்குங்க."

"ஐயையோ! ... கூச்சம், கூச்சம்."

"சரி, நீங்க வெளிய போய் ஒக்காருங்க," என்றாள் ராகினி. கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

"எலும்பு டாக்டரப் பாக்கணுமாம். தீபாவளி கழிச்சுத்தான் தேதி. நோவு என்னன்னு தெரியற வரைக்கும், வீட்லயே வலியக் கொறச்சுக்க வழி சொல்லிருக்காங்க."

அப்போதுதான் என் மூளை மின்னியது. அவள் வைத்தியத்தில் பாதியை நான் திருடிக்கொண்டால் என்ன?

திருடுவது இத்தனை சுலபம் என்று நினைக்கவே இல்லை. அன்று சாயங்காலமே கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள்.

"சூடு ஜாஸ்தியான்னு வெச்சுப் பாருங்க."

வைத்தேன். சொர்க்கம்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"ஆஹா, எலும்பு வரைக்கும் எறங்குது!"

"சூடு ஜாஸ்தியான்னுதான் கேட்டேன்."

"தெரியல. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுப் பாத்துச் சொல்றேன்."

பெரிய தியாகி போல முகத்தை வைத்துக்கொண்டேன். இஞ்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "எனக்கு ஒமட்டுதுங்க, வீணாப் போயிடும், நீங்க குடிங்க," என்றாள். குடித்தேன். வீக்கமான நாளில் துண்டில் சுற்றிய ஐஸ் வந்தது. அதையும் எனக்கு வைத்துச் சோதித்தாள். ராத்திரி முட்டிக்கு அடியில் வைக்கிற தலையணை அவளுக்குப் புழுக்கமாம். அதுவும் என் பக்கம் வந்தது. நல்லெண்ணெயை எடுத்து அழுத்தித் தேய்க்கலாமா என்று அவளுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"வேணாம் லா! உள்ள என்னன்னு தெரியாம போட்டுத் தேய்ச்சா வெனையாப் போயிடும். இதெல்லாம் சமாளிக்கறதுக்குத்தான். நோவு என்னன்னு டாக்டர்தான் சொல்லணும்."

சாயங்காலம் மெல்ல நடக்க வேண்டுமாம். தனியாக நடக்க அவளுக்குப் பயமாம். கிளேபாங் கடற்கரையில் இரண்டு பேரும் ஆமை வேகத்தில் நடந்தோம். மூச்சை இழுத்து விடச் சொன்னாள், இழுத்து விட்டேன். முடிவில் ஐஸ்கிரீம் மிதக்கும் தேங்காய் ஷேக் வாங்கித் தந்தாள். குளிர் வலது கடைவாய்ப் பல்லில் சுரீரென்று ஏறியது. இடது பக்கமாக ஒதுக்கிக் குடித்தேன்.

சில நாட்களிலேயே என் வலி பாதியாகிவிட்டது. கிளச் மிதித்தால் லோரிக்காரனைத் திட்டத் தோன்றவில்லை. ராகினிக்குத்தான் பாவம், குறையவே இல்லை.

"ராகினி, இன்னிக்கு வலது கால நொண்டுறியே?"

"வலி எடம் மாறுதுங்க."

அப்படியும் என்ன மனோதிடம்! பக்கத்து வீட்டு மைமூன் அக்கா வேலியோரம் வந்து சொன்னார்: "தம்பி, காலையில மீன்காரன் மோட்டாருக்குப் பின்னாடியே ஒங்க வீட்டம்மா ஓடுச்சு. காவாயத் தாண்டிக் குதிச்சு ஓடுச்சு லா!"

"அதாங்க்கா, வலியப் பல்லக் கடிச்சுத் தாங்கிக்கிறா," என்றேன் பெருமையோடு.

மைமூன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை மட்டும் அன்று என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

தேதி வந்தது. பெரிய ஆஸ்பத்திரி. ராகினிக்குத் துணையாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது.

"தனபாலன்!" என்று கூப்பிட்டார் தாதி.

"நம்ம பேர்லயே ஒருத்தன் மாட்டிக்கிட்டான், பாவம்," என்றேன்.

"தனபாலன் அனாக் லெலாக்கி தங்கையா!"

தங்கையாவின் மகன் தனபாலன் என்று அர்த்தம். இந்த ஊரில் இது ஒரு சௌகரியம். அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால் உலகத்தில் யாரும் தப்ப முடியாது. ராகினி என் கையைப் பிடித்துத் தூக்கினாள். பிடித்த பிடியில் நொண்டலே இல்லை.

உள்ளே டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் ராகினிதான் பதில் சொன்னாள். எத்தனாவது படியில் பல்லைக் கடிப்பேன், எந்த லோரியைத் திட்டினால் எவ்வளவு வலி, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார்.

"ஜவ்வு கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆபரேஷன்லாம் வேணாம். பயிற்சி போதும். வீட்ல இத்தன நாளும் நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க." சொன்னது என்னிடமில்லை, அவளிடம்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பரிதாபப்படும்படி இவள் எனக்காக இத்தனை நாள் நொண்டியிருக்கிறாள். நான் ஓடிவிடக் கூடாதென்று என் வலியைத் தன் வலியாக்கிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"இப்ப ஒன் முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"டாக்டர் ஒங்களப் பாத்தாரில்ல, எனக்குச் சரியாப் போச்சுங்க."

சிரித்துக்கொண்டே காரைக் கிளப்பினேன். போகட்டும், முட்டியில் தோற்றாலும் பல்வலியை அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நினைப்பில் ஒரு விசில் அடித்தேன்.

பக்கத்து சீட்டில் ராகினி வலது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு முனகினாள்.

"என்னமோ தெரியலங்க, கொஞ்ச நாளா இந்தக் கடவாப் பல்லு உயிர் போவுது."