அச்சு அண்ணனின் ஒற்றைத் தும்மல்

கடவுள் மூக்கை எதற்குப் படைத்தார் என்று அச்சு அண்ணன் அளவுக்கு யோசித்தவர் காஞ்சிபுரத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பட்டுக்கடையில் நானும் அவரும் விற்பனைக்கு இருந்தோம். 'அச்சு' என்பது தும்மலுக்காக நாங்கள் வைத்த பெயர். அது தெரியாமல், தறிக்கு அச்சு கட்டுபவர் என்று நினைத்து, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் பழைய அச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. வந்தவர் புரிந்துகொண்டு திரும்பிவிட்டார்.

முதலில் மார்கழிப் பனிக்கு மட்டும்தான் மூக்கடைத்தது. பிறகு கார்த்திகையிலேயே வந்து பங்குனி வரை தங்க ஆரம்பித்தது. நொச்சி ஆவி பிடித்தார். மஞ்சளைச் சுட்டுப் புகை இழுத்தார், மீசை கருகியது. யாரோ சொன்னார்கள் என்று மூக்குப்பொடி போட்டார். அன்று அடுக்கி வைத்த புடவைகளெல்லாம் சரிந்தன. டாக்டர் கொடுத்த மாத்திரையில் தும்மல் நின்றது. ஆனால் அண்ணன் புடவைக் குவியல் மேலேயே தூங்கிவிட்டார்.

மூக்கடைத்தால் பேச்சும் மாறிவிடும். "பாப்பழக் கலர்பா, தல்லா இருக்குப்" என்பார். மாம்பழக் கலர்மா, நல்லா இருக்கும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழைத் தமிழில் மொழிபெயர்ப்பேன்.

ஒரு தை மாதம், இனி மூக்கால் ஒரு வியாபாரம் கெட்டாலும் வேறு கடை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாரமே தாமலிலிருந்து ஒரு கல்யாணப் பெண், அப்பா, அத்தையோடு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தாள். காலையிலிருந்து பார்த்து, கடைசியில் ஒரு மாம்பழக் கலர் புடவையை மடியைவிட்டு இறக்காமல் வைத்துக்கொண்டாள். அதையே பொட்டலம் கட்டச் சொல்ல அப்பா வாயெடுத்தார். அண்ணன் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

"ஒத்தத் தும்மல். அந்தப் பொடவ வாணாம்" என்றாள் அத்தை.

இன்னொன்று வந்தால் தோஷமில்லை என்றார் அப்பா. எல்லோரும் அண்ணன் மூக்கையே பார்த்தோம். முதலாளியும் எழுந்து வந்து பார்த்தார். அண்ணன் வெயிலைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்தார், நான் நூலைத் திரித்துக் கொடுக்க அதையும் விட்டுப் பார்த்தார். வருஷக்கணக்கில் ஓயாத மூக்கு கல்லு மாதிரி இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது அந்தப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினாள்.

"ரெண்டாயிடுச்சி அத்த. எடுத்துக்கலாம்."

அத்தையும் தலையாட்டிவிட்டாள். முதலாளி சிரித்த முகத்தோடு தன் இடத்துக்குப் போனார்.

அவர்கள் படியிறங்கியதும் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். அடைத்த மூக்கோடு அவர் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன்:

"அந்தப் பொண்ணுக்குத் தும்மலே வரலபா. எம் மூஞ்சியப் பாத்துட்டு சும்மா பண்ணிச்சி. எனக்குத் தெரியாதா?"

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பனிக்காற்றில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் போய் என் மஃப்ளரை அவிழ்த்து, அவர் காதைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.