எலுமிச்சை வாசனையோடு வேலைநீக்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு எங்கள் மேலாளர் மூளையைக் கண்டுபிடிக்கும் வரை சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

வந்ததும் கூட்டம் போட்டார்.

"மூளைக்குள்ள பாதாம் பருப்பு சைசுல ஒரு சமாச்சாரம் இருக்கு. பயம், கோபம் எல்லாம் அங்கதான் கிளம்புது. அந்த நேரத்துல நடந்ததை அழுத்தமாப் பதிய வைக்கிறதும் அதுதான். நாம வேலையை விட்டு அனுப்பினவங்க நம்மைத் திட்டறாங்களே, ஏன்?"

"வேலை போனதால சார்," என்றார் கணக்காளர்.

"தப்பு. பாதாம் பருப்பால."

கணக்காளர் தலை குனிந்தார். விஞ்ஞானம் பேசும்போது வேறென்ன செய்வது?

வாசனை அந்தப் பருப்புக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேருமாம். ஆகவே நல்ல வாசனையோடு வேலையை விட்டு அனுப்பினால், அது ‘இனிய நினைவாக’ப் பதிந்துவிடும். இப்படித்தான் ‘மலர்ச்சி அறை’ பிறந்தது. மெத்தை நாற்காலி, மெல்லிய இசை, எலுமிச்சை வாசனை. என்னை ‘உணர்வு ஒருங்கிணைப்பாள’ராக உயர்த்தி, கையில் ஸ்ப்ரே பாட்டிலைக் கொடுத்தார்கள்.

முதலில் மலர்ந்தவர் என் அத்தான். அக்காவின் கணவர். எங்கள் கிடங்கில் பொட்டலம் கட்டும் பகுதிக்குப் பொறுப்பாளர். நான் வாசனை அடித்தேன், மேலாளர் விஷயத்தைச் சொன்னார். அத்தான் மெத்தை நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"வீட்ல போய் என்ன சார் சொல்றது?"

"வாசனையா இருந்துச்சுன்னு சொல்லுங்க," என்றார் மேலாளர் கனிவாக.

முறை அபாரமாக வேலை செய்தது. அத்தானுக்கு அந்த நாள் அப்படியே பதிந்துவிட்டது. அக்கா பாத்திரம் தேய்க்கிற சோப்பையே மாற்றினாள். நான் போனால் வாசலிலேயே மறித்தாள்.

"சட்டையை மாத்திட்டு உள்ள வாடா. அந்த வாசனை வந்தாலே மனுஷனுக்குக் கை நடுங்குது."

"அது இனிய நினைவு, அக்கா."

கதவைச் சாத்திவிட்டாள்.

வாரத்துக்கு ஒருவர் மலர்ந்தார். கதவிடுக்கில் எலுமிச்சை வாசனை கசிந்தால் போதும், அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சாதனையைக் கேள்விப்பட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து தலைவரே வருவதாகத் தகவல் வந்தது. மேலாளர் சாட்சி சொல்ல அத்தானைக் கூப்பிட்டனுப்பினார்.

"‘வேலை போன நாளை நெனச்சா மனசு குளுருது’ன்னு தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மறுநாளே பழைய வேலை உங்களுக்கு."

அத்தான் கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். அலுவலகத்துக்குப் போடுகிற சட்டையை அக்கா பீரோவிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று என்னைச் சாப்பிடச் சொன்னாள்.

தலைவர் வந்தார். ஊழியர்கள் அவரவர் மேஜையருகே எழுந்து நிற்க, அத்தான் நடுவில் வந்து நின்றார்.

"வேலை போன நாளை நெனச்சா..."

நன்றாகத்தான் ஆரம்பித்தார். மேலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இனிமைக்கு இனிமை சேர்க்கச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டினார். கூடம் முழுக்க அடித்தேன்.

அத்தானின் கை நடுங்கியது. சட்டை வேர்வையில் நனைந்தது. தலைவரைப் பார்த்து, மனப்பாடம் செய்யாத ஒன்றைக் கேட்டார்.

"வீட்ல போய் என்ன சார் சொல்றது?"

பின்னால் இழுப்பறைகள் திறக்கிற சத்தம். ஊழியர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் குடும்பப் படங்களையும் தண்ணீர் பாட்டில்களையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்காளர் அழுதுகொண்டே கால்குலேட்டரைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

தலைவர் அசந்துபோனார். "எல்லாருக்குமே பதிஞ்சிருக்கே! உங்களுக்கு என்னய்யா ஞாபகம் வருது?"

மேலாளர் கண்ணை மூடி ஆழமாக மோந்து பார்த்தார்.

"எலுமிச்சை சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் வரலையே சார்."

"இந்த மூளைதான்யா எங்களுக்கு வேணும்!"

மேலாளர் இப்போது தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். அத்தான் இன்னும் வீட்டில் இருக்கிறார். விஞ்ஞானத்தில் ஒரு பிழையும் இல்லை. எத்தனை பேரை அந்த அறையிலிருந்து அனுப்பினாலும், அனுப்பினவருக்கு அது எலுமிச்சை வாசனை மட்டும்தான்.