பாய்க்கு ஒரு ஜோடி

என் செல்லக் குண்டு செஃபோவுக்கு, உன் லகி எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோழிகளும் சுகம். ஆண்டவர் வீட்டில் உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று நம்புகிறேன்.

நீ போன மறுமாதம் என் பொய்க்கால் வந்துவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து, பாதிரியார் வீட்டு விருந்துக்கு அதைப் போட்டுக்கொண்டு நானே நடந்து போனேன், உன் தங்கை லோசாவின் கையைக்கூடப் பிடிக்கவில்லை, வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், நான் தயங்கினேன், லோசா என் காதில், "அண்ணி, செருப்போட பாய மிதிச்சா அண்ணன் பேரு என்னாகும்?" என்றாள். உன் பேரைச் சொன்னதும் இரண்டையும் கழற்றிவிட்டேன். இரண்டடி வைப்பதற்குள் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைத் தட்டில் போய் உட்கார்ந்தேன். உன் பெரியப்பா மெல்லுவதை நிறுத்தாமல், "ஒத்தக்கால்ல தத்தித் தத்தி ஒழுங்கா வந்துக்கிட்டிருந்தா. ரெண்டாவது கால் வந்ததும் விழுறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நீ போனபிறகு அதுதான் முதல் தடவை, கோபித்துக்கொள்ளாதே.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கால் பொருத்தும் பெண் லுபே தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, இந்தச் செருப்போட குதி உயரத்துக்குத்தானே கால வச்சிருக்கேன். கழட்டினா பின்னாலதான் தள்ளும். வீட்டுக்குள்ள போட அதே உயரத்துல இன்னொரு ஜோடி வச்சுக்குங்க. சாயங்காலம் கால கழட்டி, வெட்டின இடத்த முன்னும் பின்னும் பாருங்க. சர்க்கரை உடம்பு, புண்ணு வந்தாலும் வலி தெரியாது. மறுபடி வந்தா முழங்காலும் போயிடும்."

இப்போது தெருவுக்கு ஒரு ஜோடி, பாய்க்கு ஒரு ஜோடி. பாதிரியார் வீட்டம்மாவே பாய்ச் செருப்பின் அடியைத் தடவிப் பார்த்து, "மண்ணு ஒட்டல, உள்ள வா" என்றார். வெட்டின இடத்தின் பின்பக்கத்தை நீ தினமும் பார்த்து, "சுத்தமா இருக்குடி ராணி" என்பாயே, இப்போது கண்ணாடி பார்க்கிறது. அது வாயே திறப்பதில்லை. நம் வீட்டு முற்றத்தில் உன் கல்லறைமேல் துணி காயப்போடுகிறேன் என்று லோசா திட்டுகிறாள். உன் சட்டைகள்தானே, பொறுத்துக்கொள். எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ நிம்மதியாக இரு.

உன் லகி

பி.கு.: குறை இல்லை என்றது பொய். இன்று கண்ணாடியில், முழங்காலுக்குப் பின்னால் கருத்த தடம் ஒன்று தெரிந்தது. பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டேன், நாளைக் காலை முதல் பஸ்ஸில் லுபேயிடம் போகிறேன். எத்தனை நாளாக இருக்கிறது என்றுதான் அவள் முதலில் கேட்பாள். அந்தப் பக்கத்தை நான் எங்கே பார்த்தேன், நீதானே பார்த்தாய். நீ பார்த்தபோதே அது இருந்ததா, செஃபோ?