பூஜ்யம் என்று எழுதப்பட்ட குழி

ஒரு காட்டில் பொந்தையா என்ற பெருச்சாளியை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, அவர் ஒரு படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலை மீசையில் துடைத்துக்கொண்டிருந்தார். ஆமையாகிய நான் அப்போது எரிவாயுக் குழியைக் கிளறும் வேலையில் இருந்தேன்.

குழி யானையின் யோசனை. யானைக் கூட்டம் தின்று போட்ட வாழைமட்டையையும் இலைதழையையும் காற்றுப் புகாமல் மூடி நொதிக்கவிட்டால் எரிவாயு வரும். அதில் காட்டுக்கே சமைக்கலாம். எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும் என்று சமன்பாடு எழுத நாரையை அமர்த்தினார்கள். நாரை ஒற்றைக் காலில் நின்று பதினோரு நாள் எழுதியது. அது வரைந்த கோடு ஏறியது. அடுப்புத் தீயும் கூடவே ஏறியது. எல்லோரும் மெச்சினோம்.

யானை வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு மட்டை மலையாகக் குவிந்தது. குழி ஓரத்தில் வளை வைத்திருந்த பொந்தையா மோந்து பார்த்து, உள்ளே புளித்துவிட்டது, நாலு நாள் எதுவும் போடாதீர்கள் என்றார். வாசனைக்கு அலகு கிடையாது என்றது நாரை. இன்னும் போட்டோம். தீ அணைந்தது.

அடுப்புத் தீயை வைத்துத்தான் நாரை வாயுவை அளந்தது. தீ இல்லை, ஆகவே வாயு பூஜ்யம் என்று எழுதியது. எரியாத வாயுவும் உண்டு என்பதற்குச் சமன்பாட்டில் இடமில்லை. வாயு வரும் வழியை மட்டை நார் அடைத்திருக்கும், யாராவது இறங்கி எடுக்கட்டும் என்று முடிவானது. குழியின் வாய்க்குள் நுழைகிற உடம்பு பொந்தையாவுக்குத்தான் இருந்தது.

அவர் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி எடுத்து வந்தார். கிணற்றில் இறங்குகிறவர்கள் செய்வதுதான். கெட்ட காற்று கலையும்.

"நாலு தடவை ஏத்தி எறக்கிட்டுப் போயிடறேங்கய்யா."

"இலை உதிரும்," என்றது நாரை. "நான் எடை போடாத கழிவு உள்ள போயிடும். அப்புறம் என் கணக்கு என்ன ஆவறது? பூஜ்யம்னு படிவத்துல எழுதியிருக்கே. படிச்சுப் பாத்துத்தானே கைநாட்டு வச்சே?"

பொந்தையா என்னைப் பார்த்தார். நான் கிளறுகோலைப் பார்த்தேன். அவர் இறங்கினார்.

கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. அவர் மனைவி வந்து, ஆளை வெளியே எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டாள். வேறு யாரும் இறங்க முன்வரவில்லை. யானை விசாரித்தது. எரிகிற வாயு இல்லை என்றுதானே எழுதினேன், எதுவும் எரியவில்லையே என்றது நாரை. அதில் யாராலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. குழியை மூடி, உள்ளே போட்டவற்றின் பட்டியலில் 'ஒரு கிலோ சொச்சம், தாவரம் அல்லாதது' என்று சேர்த்தார்கள்.

மூன்றாம் வாரம் அடுப்பு மறுபடி எரிந்தது. தீயின் அளவு நாரை வரைந்த கோட்டின்மேல் அப்படியே வந்து நின்றது. முதல் சமையலில் ஒரு பங்கைப் பொந்தையாவின் மனைவிக்குக் கொடுத்தனுப்பினார்கள். அவள் வாங்கவில்லை.

நீதி: கணக்கு இடித்தால் சமன்பாட்டைத் திருத்தாதே, இடிக்கிறது என்று சொன்னவரை உள்ளே இறக்கு. வேப்பங்கொத்து குழி ஓரத்தில் காய்ந்து கிடக்கிறது. கயிறு நன்றாகத்தான் இருக்கிறது.