பாத்திரக் கடைக்குள் வயலின் வகுப்பு

மேல் பஜார்,
குன்னூர்.

'பனிமலைச் சேதி' வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் பாலகுமார் அவர்களுக்கு, பாத்திரக் கடை தாவூத் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் என் வீட்டில் இதுவரை யாருக்கும் காய்ச்சலும் இல்லை, தொண்டைக் கரகரப்பும் இல்லை. தங்கள் வீட்டிலும் அச்சகத்திலும் அதே சுகம் நிலவ துஆ செய்கிறேன்.

மரியாதை இத்துடன் முடிந்தது. "ஊரடங்கில் பாட்டு வகுப்பு என்ற பெயரில் பாத்திர வியாபாரம்" என்று முதல் பக்கத்தில் என் கடைப் படத்தோடு போட்டிருக்கிறீர்களே, இது அடுக்குமா? முதலில் அது பாட்டே இல்லை, வயலின். என் மகள் மெஹ்ரின் கோத்தகிரி ஜூடித் டீச்சரிடம் கற்றுக்கொள்கிறாள். கொரோனா வந்ததும் டீச்சர் வகுப்பைப் போனுக்கு மாற்றிவிட்டார். எங்கள் வீடோ தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் வரும். அங்கே நின்று வயலின் வாசிக்க என் மகள் என்ன கழைக்கூத்தாடியா? கடைக்கு எதிர் மாடியில் டவர் இருப்பதால் பூட்டிக் கிடந்த கடையிலேயே வகுப்பை வைத்துக்கொண்டோம். ஷட்டரை முழுசாக இறக்கினால் டீச்சர் முகம் அப்படியே நின்றுவிடும், அதனால் பாதி இறக்கினோம். அந்தப் பாதி ஷட்டர் சிக்னலுக்காக ஐயா, வியாபாரத்துக்காக இல்லை!

அடுத்த கஷ்டத்தைக் கேளுங்கள். மெஹ்ரின் வில்லை இழுத்ததும் அலமாரியில் இருந்த அண்டா, தவலை, குண்டான் எல்லாம் கூடவே 'ம்ம்ம்' என்று கிளம்பிவிட்டன. "பின்னாடி யாரு ஹம் பண்றது? வாயை மூடச் சொல்லு" என்று டீச்சர் என்னைத்தான் திட்டினார். நான் வாயைத் திறக்கவே இல்லை, அல்லா சத்தியம். பாத்திரங்களின் வாயில் பழைய 'பனிமலைச் சேதி' இதழ்களைத் திணித்துப் பார்த்தோம், சத்தம் நின்றது. தங்கள் பத்திரிகையால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான். ஆனால் வயலினும் சேர்ந்து சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் முனகுகிற சாமானையெல்லாம் தூக்கி வந்து வாசலோரம் அடுக்கினேன். அதைத்தான் ஏட்டையா ஒச்சப்பன் பார்த்தார்.

"ஏனுங்க பாய், பாதி ஷட்டரு, வாசல்ல அண்டா, உள்ள ஆளுங்க. இது யாவாரம் இல்லாம என்னங்க?"

"அதெல்லாம் முனகற அண்டாங்க ஐயா" என்றேன். மனுஷன் என் வாயை மோந்து பார்த்தார்.

உள்ளே இருந்த ஆளுங்க யார் என்றும் சொல்லிவிடுகிறேன். தெய்வம்மா அக்காவுக்குச் சங்கீதம் என்றால் உயிர், கேட்க வந்தார். வெளியே போகும்போது கையில் இருந்த குக்கர் வீட்டிலிருந்து அவரே கொண்டு வந்தது. பளபளவென்று இருந்ததென்றால் அவர் நன்றாகத் துலக்குகிறவர். நான் ஒரு கரண்டி விற்றேன் என்று யாராவது சொல்லட்டும், இந்தப் பஜாரிலேயே காதை அறுத்துக்கொள்கிறேன்.

கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போன ஏட்டையா, ரெண்டு நாளில் தருகிறேன் என்றுதான் சொன்னார். அதற்குள் தாங்கள் அச்சடித்துத் தொலைத்தீர்கள். இப்போது கேட்டால், "பேப்பர்லயே வந்துருச்சுங்களே, இனி நா எப்படிங்க குடுக்கறது?" என்கிறார். புதன்கிழமை மெஹ்ரினுக்கு கிரேடு பரீட்சை. பரீட்சை வைக்கிறவர் போனில் நேராகப் பார்ப்பார், நடுவில் லைன் போனால் இந்த வருஷம் போச்சு. நேற்று அந்தப் பிள்ளை வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "பரீட்சை வேண்டாங்க அத்தா. கடை தொறந்தா போதும்" என்றாள். விடிந்ததும் வாசிக்கிற பிள்ளை இன்று பெட்டியைத் தொடவே இல்லை. இதெல்லாம் உங்க பேப்பர் பண்ணின வேலை, தெரியுமா? ஆகவே திங்கட்கிழமை வரும் இதழில், அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்புப் போட வேண்டும். பாட்டு என்றும் போடக் கூடாது.

தங்கள் பேனாவுக்கும் பேப்பருக்கும் ஆண்டவன் நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
ஒரு கரண்டிகூட விற்காத
தாவூத்

பின்குறிப்பு: போன வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டம்மா சரிதா அக்கா ஷட்டருக்குள் குனிந்து வந்து இட்லிக் குண்டான் வாங்கிப் போனார். அவசரத்தில் அதன் நடுத்தட்டைக் கல்லா மேலேயே விட்டுவிட்டார், அதுவும் இப்போது பூட்டுக்குள் இருக்கிறது. செவ்வாய்க்குள் சாவி கைக்கு வந்தால் நானே வீட்டில் கொடுத்துவிடுகிறேன். வராவிட்டால், "உள்ளே ஆசிரியர் வீட்டுச் சாமான் ஒன்று இருக்குதுங்க" என்று ஏட்டையாவிடம் சொல்லித்தான் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும்.