இரண்டு பைலட், இரண்டு சங்கம்

அறிவழகனின் வயிறு மூன்றாவது முறை உறுமியபோது விமானம் திண்டிவனத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் இருந்த பயணி திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"சார், வலது பக்க என்ஜின்ல ஏதோ சத்தம் வருது."

வலது பக்கம் உட்கார்ந்திருந்தது அறிவழகன்தான். துணை விமானி.

"என்ஜின் நல்லா இருக்குங்க," என்றார் கேப்டன் ஜெயப்பிரகாஷ், திரும்பாமல். "பெல்ட்டைப் போடுங்க."

பத்தொன்பது இருக்கை விமானம் அது. விமானிக்கும் பயணிக்கும் நடுவே கதவு கிடையாது. ஒரு திரை, அதிலும் பாதிக் கொக்கி இல்லை. காலை ஐந்தரைக்கு நெய்வேலியில் ஏறினால் சென்னை, சேலம் என்று ஆறு தடவை ஏறி ஆறு தடவை இறங்கி முடிக்க மணி மூன்றாகும். ஒவ்வொரு தடவையும் தரையில் இருபத்தைந்து நிமிடம். அதற்குள் எண்ணெய் ஊற்ற வேண்டும், பெட்டி ஏற்ற வேண்டும், காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பிடுவதற்கு என்று யாரும் நேரம் எழுதவில்லை. சாப்பாடும் எழுதவில்லை.

பயணி சென்னையில் இறங்கியதும் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்துவிட்டார். புகார் வந்தால் என்ஜினைத் திறந்து பார்த்தாக வேண்டும். இரண்டரை மணி நேரம் பார்த்தார்கள். என்ஜினில் ஒன்றுமில்லை. சக்கரம் உருண்டால்தான் துணை விமானிக்குச் சம்பளம் என்பதால், அந்த இரண்டரை மணி நேரத்துக்கு அறிவழகனுக்கும் ஒன்றுமில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி நந்தினி சிரிக்கவில்லை. மறுநாள் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து டப்பா கட்டிக் கொடுத்தாள். சேலத்துக்கு மேலே அறிவழகன் அதைத் திறந்தான். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு.

திரை மணத்தைத் தடுக்கவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மாள் வாந்தி எடுத்தார். நடுவரிசையில் ஒருவர், "எந்தக் கடைங்க?" என்று விசாரித்தார். மாலையில் மேலாளர் அன்புச்செல்வனிடமிருந்து சுற்றறிக்கை வந்தது: விமானத்துக்குள் வீட்டு உணவு கொண்டுவரக் கூடாது.

அறிவழகன் அதை மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். சும்மா இருக்க அவனுக்குக் காரணம் இருந்தது. தோளில் மூன்று கோடு. நான்காவது கோடு விழுந்தால் கேப்டன். மாதச் சம்பளம், சக்கரம் உருண்டாலும் உருளாவிட்டாலும். அந்தப் பதவி உயர்வுக் கோப்பு அன்புச்செல்வன் மேசையில் எட்டு மாதமாகக் கிடந்தது. அவர் ஒரு வரி எழுதி மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நந்தினி சும்மா இருக்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

குஞ்சிதபாதம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். அதில் பத்தொன்பது வருடம் சங்கத்தின் கிளைச் செயலாளர். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவருக்குப் போராட ஆள் கிடைக்கவில்லை. பால்காரரிடம் ஒருமுறை முயன்று பார்த்தார். பால் நின்றதுதான் மிச்சம்.

"கேண்டீன் இல்லாத வேலையா மாப்ள?" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, மகளும் மாப்பிள்ளையும் குடியிருந்த மாடிக்கு ஏறி வந்தார். "எங்க மைன்ஸ்ல கரி வராத நாள் உண்டு, மூணு மணி போண்டா வராத நாள் கெடையாது. நீங்க என்னாடான்னா பசியோட பறந்துகினு இருக்கீங்க."

"மாமா, இது தனியார் கம்பெனி. நான் கான்ட்ராக்ட்."

"கல்யாணத்தப்பவே கேட்டேன், பர்மனென்டான்னு. தரகர் சிரிச்சிகினே மேல கையக் காட்டுனாரு. நான் கடவுளக் காட்றாருன்னு நெனச்சிகினு இருந்துட்டேன்."

அன்று இரவே மனு தயாரானது. முதல் கோரிக்கை கேண்டீன். பிறகு துண்டு, சோப்பு, இரவுப் படி. கடைசியில் உயரப் படி. "குழிக்குள்ள எறங்கறவனுக்குப் படி உண்டு, பத்தாயிரம் அடி ஏறறவனுக்கு இல்லியா?" மனுவின் தலைப்பில் ஆகாயத் தொழிலாளர் சங்கம் என்று இருந்தது. தலைவர்: அறிவழகன். உறுப்பினர்களும் அவனே.

"மாமா, என்னோட ஃபைல் அந்தாளு மேசையில இருக்கு. வேணாம்."

"ஃபைல் இருந்தாதான் பயம் இருக்கும். பயம் இருந்தாதான் சங்கம் வேணும்."

"சங்கத்தைப் பதிவு பண்ண ஏழு பேர் வேணுமே மாமா?"

"பதிவு அப்பறம் மாப்ள. கொடி மொதல்ல."

மறுநாள் விமான நிலைய வாசலில் கொடி ஏறியது.

அன்புச்செல்வன் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, விமானத் துறையில் ஒரு வழக்கம் உண்டு என்று பணிவாகப் பதில் எழுதினார். இரண்டு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடக் கூடாது. ஒன்று கெட்டுப்போனால் இருவரும் படுத்துவிடுவார்கள். ஆகவே ஒரே கேண்டீன் சாத்தியமா என்று யோசிக்க வேண்டும்.

அந்தப் பதில் எப்படியோ சாமிக்கண்ணுவின் காதுக்குப் போனது. சாமிக்கண்ணு எதிர்ச் சங்கத்துக்காரர். குஞ்சிதபாதத்தோடு முப்பது வருடம் வாயிற்கூட்டத்துக்கு வாயிற்கூட்டம் மோதியவர். அவரும் ஓய்வு பெற்று ஆள் கிடைக்காமல்தான் இருந்தார். அன்று மாலையே கேப்டன் ஜெயப்பிரகாஷ் வாடகைக்கு இருந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கேப்டன் சார், அவங்க கேண்டீன்ல நீங்க சாப்பிடக் கூடாதாமே. அப்ப ஒங்களுக்குன்னு கேக்க ஒரு சங்கம் வேணுமா வேணாமா?"

கேப்டன் அதிகம் பேசாதவர். தினமும் ஆறு தடவை இறங்கிக் களைத்தவர். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அனைத்து ஆகாயத் தொழிலாளர் ஐக்கிய சங்கம் தொடங்கிவிட்டது. அவர்களுடைய முதல் கோரிக்கை ஷூ.

அதன் பிறகு விமானத்துக்குள் பேச்சு குறைந்தது. வேகம், உயரம், சக்கரம் கீழே. அவ்வளவுதான். கீழே வாசலில் இரண்டு கொடி, இரண்டு ஒலிபெருக்கி. குஞ்சிதபாதத்தின் முதல் வாயிற்கூட்டத்தை எட்டுப் பேர் கேட்டார்கள். அதில் ஐந்து பேர் விமானத்தைத் தவறவிட்டவர்கள்.

"இந்த நிர்வாகத்தைப் பார்த்துக் கேக்கறேன்!" என்று அவர் முழங்கினார். நிர்வாகம் ஒரு தகர அறையில் மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து நிர்வாகம் வெளியே வந்தது. "ரெண்டு சங்கத்தோட எல்லாம் என்னால பேச முடியாதுங்க," என்றார் அன்புச்செல்வன். "உங்க ஊர் வழக்கப்படி ரகசிய வாக்கெடுப்பு வச்சுக்கங்க. எந்தச் சங்கம் ஜெயிக்குதோ அதோட தலைவர் என்கிட்ட வரட்டும். மேலிடத்துக்கு அவர் பேரைத்தான் எழுதி அனுப்பணும்."

அந்தக் கடைசி வரியில் அறிவழகனுக்குப் பசியே மறந்துபோனது. கோப்பு அனுப்ப வேண்டிய மேலிடமும் அதே மேலிடம்தான்.

வாக்கெடுப்பு வெள்ளிக்கிழமை, மூன்றாவது இறக்கத்துக்கும் நான்காவது ஏற்றத்துக்கும் நடுவில். பயணிகள் கூடத்தில் இருந்த புகார்ப் பெட்டிதான் வாக்குப் பெட்டி. சின்னம் இரண்டு: ஆகாயச் சங்கத்துக்குத் தட்டு, ஐக்கிய சங்கத்துக்கு ஷூ. சீட்டு அச்சடித்ததும், பெட்டியைப் பூட்டியதும், காவலுக்கு உட்கார்ந்ததும் அன்புச்செல்வன். வேறு ஊழியர் இல்லை.

"மாப்ள, நம்ம ஓட்டு நமக்கு. அது உறுதி," என்று குஞ்சிதபாதம் தோளைத் தட்டி அனுப்பினார்.

மறைப்புக்குப் பின்னால் அறிவழகன் முத்திரைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தட்டு ஜெயித்தால் அவன் தலைவன். தலைவன் ஆனால் நான்காவது கோடு கிடையாது. ஷூ ஜெயித்தால் கேப்டன் தலைவர். அவருக்கு ஏற்கெனவே நான்கு கோடும் இருக்கிறது. அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஷூவில் குத்தினான். மடித்துப் போட்டான். மாமனாரைப் பார்த்து லேசாகத் தலையாட்டவும் செய்தான்.

அடுத்து கேப்டன் போனார். வந்தார்.

அன்புச்செல்வன் பெட்டியைத் திறந்து முதல் சீட்டைப் பிரித்தார். "ஷூ."

சாமிக்கண்ணு மீசையைத் தடவினார்.

"தட்டு."

குஞ்சிதபாதம் மாப்பிள்ளையைப் பெருமையோடு பார்த்தார். அறிவழகன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் ஜன்னல் வழியாக, காற்றின் திசை காட்டும் துணிப்பையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தலைவராக விருப்பமில்லை.

"ஒண்ணுக்கு ஒண்ணு. செல்லாது, மறுபடியும் வைங்க," என்று சாமிக்கண்ணு எழுந்தார்.

அன்புச்செல்வன் மறுபடியும் பெட்டிக்குள் கையை விட்டார். இன்னொரு சீட்டு வந்தது.

"தட்டு," என்றார். "ரெண்டுக்கு ஒண்ணு. ஆகாயச் சங்கம் வெற்றி."

கிழவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் தொடங்கினார்கள்.

"கள்ள ஓட்டு! செத்தவனையே வரிசையில நிக்க வச்சி ஓட்டு போட வச்ச ஆளுய்யா இவன்!"

"யோவ் சாமிக்கண்ணு, இருக்கறதே ரெண்டு பேரு. இதுக்கு எவனாவது கள்ள ஓட்டு போட்டுகினு இருப்பானா?"

"நீ போடுவ!"

"ஆமாய்யா, போடுவேன்! ஆனா இத நான் போடல!"

அவர்கள் கொடிக் கம்பத்தை நோக்கி நகர்ந்தார்கள். அறிவழகன் அன்புச்செல்வன் பக்கத்தில் போய் நின்றான்.

"சார், என் பேரை மேல எழுதிடாதீங்க. எனக்கும் இந்தச் சங்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. எல்லாம் மாமனார் பண்றது. சத்தியமா நான் ஷூவுக்குத்தான் சார் போட்டேன்."

அன்புச்செல்வன் பெட்டியை மெதுவாகப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வெறுத்துப்போனவர் போலச் சொன்னார்:

"என்ன சார் நீங்க, நானும் கான்ட்ராக்ட்தான், எனக்கும் மத்தியானச் சோறு கிடையாது, உங்களை நம்பித்தானே நான் தட்டுல குத்துனேன்."