மொழி தெரியாத வீட்டுக்காரர்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் சமையலறைக் குழாயும் நலம். குழாய் மட்டும் கொஞ்சம் ஒழுகுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

விஷயம் என்னவென்றால், உன் அப்பா இப்போது நடிகர். சிரிக்காதே. நம் மாடியில் குடியிருக்கும் நர்சிங் கல்லூரி டீச்சரம்மா, மாணவர்களை நாலு வாரம் வெளிநாட்டுக் கிராமங்களுக்கு வேலைக்கு அனுப்புகிறார். போவதற்கு முன்னால், அடுத்தவர் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று பழக்க வேண்டுமாம். “சார், நீங்கதான் அந்த ஊர்க்காரர். இவங்க பேசுற மொழி உங்களுக்குச் சுத்தமா தெரியாது. முழங்கால் வலி. கேக்காம தொட்டா விடாதீங்க” என்றார். முழங்கால் வலிக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். முதலில் வந்த பையன் வாசலிலேயே என்னைப் போட்டோ எடுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவனுக்கு மார்க் போச்சு. அடுத்தவன் கேட்காமல் கொள்ளாமல் பிரஷர் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்ற, நான் மொழி தெரியாதவன் என்பதை மறந்து, “டேய், தலைகீழா கட்டியிருக்கேடா!” என்று கத்திவிட்டேன். டீச்சரம்மா தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவதாக வந்த பெண், உன்னைப் போலவே ஒல்லி, உள்ளே வரலாமா என்று சைகையில் கேட்டுவிட்டு நான் தலையாட்டும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். குட்டிம்மா, என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாச்சு! வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் அம்மா போனது, நீ எட்டாம் வகுப்பில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது, குழாய் ஒழுகுவது. கால் மணி நேரப் பாடம் ரெண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

கிளம்பும்போது அவள், “அடுத்த வாரமும் வர்றேன்ப்பா” என்றாள். டீச்சரம்மா அதற்குத்தான் பாதி மார்க்கைக் குறைத்தார். “நாலு வாரத்துல நீ அந்த ஊரை விட்டுக் கிளம்பிடுவே. முடியாததைச் சொல்லிட்டு வந்தா, அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.” எனக்கு வந்ததே கோபம்! “நல்ல பொண்ணும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னா. இங்க யாரு காத்துக்கிட்டு இருக்கப்போறா?” என்று சண்டைக்குப் போனேன்.

அடுத்த வாரம் அதே செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா படியிறங்கி வந்தார். பயிற்சி வேறு தெருவுக்கு மாறிவிட்டதாம். சொல்லிக்கொண்டே கூடத்தைப் பார்த்தார். நான் எதிரே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். “யாராவது வர்றாங்களா சார்?” என்றார். நான் மொழி தெரியாதவனாகவே இருந்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் “அடுத்த மாசம் வர்றேன்ப்பா” என்கிறாயே, ஆறு வருஷமாக, அதை இனிமேல் சொல்லாதே. டிக்கெட் கைக்கு வந்தால் மட்டும் சொல். எனக்குத் தனியா இருந்து பழகிப்போச்சு, ஒரு குறையும் இல்ல.

நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடியில்லாமல், சண்டை போட்டாலும் சீக்கிரம் சமாதானமாகி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அதெல்லாம் மாணவர்களுக்கு. நீ ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல “அடுத்த மாசம் வர்றேன்ப்பா”ன்னே சொல்லு. நான் மார்க் குறைக்க மாட்டேன்.